நான்காவது லெவலில் ஏன் போய்விடுகிறார்கள்? புதிதாக கேம் செய்பவர்களுக்குப் பிளேயர் டேட்டா வழிகாட்டி

கேமை வெளியிட்ட மறுநாள் காலையில் எல்லாரும் முதலில் பார்ப்பது டவுன்லோடு எண்ணிக்கையைத்தான். பார்த்துச் சந்தோஷப்படலாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு கேமில் ஒரு மரத்தைக்கூட இடம் மாற்ற முடியாது. ஆட்கள் எங்கே மாட்டிக்கொண்டார்கள், எந்த பட்டனைத் தொடவே இல்லை, எந்த இடத்தில் மூடிவிட்டுப் போனார்கள் என்பது தெரிந்தால்தான் கை வைக்க வேண்டிய இடம் தெரியும்.

புதுச்சேரியிலும் கடலூரிலும் கல்லூரி ப்ராஜெக்டாகவோ, வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்தோ கேம் செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்த குழு, ஒருவர் புரோகிராம் எழுதுவார், ஒருவர் படம் வரைவார், டேட்டா பார்க்கத் தனி ஆள் கிடையாது. பெரிய நிறுவனங்களுக்காக எழுதிய வழிகாட்டிகள் லட்சக்கணக்கான பிளேயர்கள் இருப்பதாக நினைத்துப் பேசும். உங்களிடம் 200 பேர் இருப்பார்கள். 200 பேருக்கு வேறு வழி வேண்டும்.

பேச வசதியாக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். தேவனாம்பட்டினம் பக்கம் கெடிலத்திலிருந்து ஃபைபர் படகில் கிளம்பி, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய், மீனோடு திரும்ப வேண்டும். மொபைல் கேம், 20 லெவல். நான்காவது லெவலில்தான் முகத்துவாரத்து மணல் திட்டு முதல்முறையாக வருகிறது. இனி இதைப் படகு கேம் என்றே சொல்கிறேன்.

கேம் கையில் இல்லாதவர்கள் இங்கே தொடங்கலாம்

பிசி கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்தில் அச்சீவ்மென்ட் (கேமில் ஒன்றைச் சாதித்தால் கிடைக்கும் பதக்கம்) உள்ள கேம்களுக்கு, உலகம் முழுக்க எத்தனை சதவீதம் பேர் எந்த அச்சீவ்மென்ட்டைப் பெற்றிருக்கிறார்கள் என்ற பட்டியல் எல்லார் கண்ணிலும் படும்படியே இருக்கிறது. நீங்கள் விளையாடி முடித்த கதை கேம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நகர நகரத் தானாகக் கிடைக்கும் அச்சீவ்மென்ட்களை மட்டும் பிரித்து வரிசையாக எழுதுங்கள். அத்தியாயம் கூடக் கூடச் சதவீதம் இறங்கிக்கொண்டே வரும். எங்கே சட்டென்று இறங்குகிறதோ, அந்த இடத்தில் கேம் பிளேயரிடம் புதிதாக என்ன கேட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். புதிய ஆயுதமா, பாஸ் சண்டையா, வழி தெரியாத குகையா? காசில்லாத பயிற்சி இது. ஒரு சாயங்காலம் செய்து பார்த்தால், பின்னால் வரப்போகும் ஃபனல் (ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்ற கணக்கு) என்ற விஷயம் பாதி புரிந்துவிடும்.

முதல் படி: கேள்வியை எழுதுங்கள்

டேட்டா சேகரிக்கும் ஒரு எஸ்டிகேயை (கேமோடு சேர்க்கும் ரெடிமேட் புரோகிராம் தொகுப்பு) இணைத்து, எல்லா பட்டனுக்கும் ஒரு ஈவென்ட் (ஒன்று நடந்ததும் கேம் அனுப்பும் குறிப்பு) வைத்துவிட்டு, டேட்டா சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதுதான் அதிகம் நடக்கிறது. ஒரு மாதம் கழித்து டேஷ்போர்டைத் திறந்தால் 40 வரைபடங்கள் இருக்கும், எதைப் பார்த்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது.

மாற்றிச் செய்யுங்கள். குழுவாக உட்கார்ந்து, கேமில் உங்களுக்கே சந்தேகமாக இருக்கும் விஷயங்களைத் தாளில் எழுதுங்கள். ‘பயிற்சிப் பகுதி நீளமா?’, ‘மணல் திட்டைப் பார்த்ததும் விலக வேண்டும் என்று புரிகிறதா?’, ‘வலையை மாற்றலாம் என்பதை யாராவது கண்டுபிடிக்கிறார்களா?’ இந்த மாதிரி. ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், பதில் இப்படி வந்தால் என்ன மாற்றுவோம், அப்படி வந்தால் என்ன மாற்றுவோம் என்று எழுத வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே வேலைதான் என்றால் அந்தக் கேள்விக்கு டேட்டா எடுக்க வேண்டாம். இந்த ஒரு வடிகட்டலில் பாதிக் கேள்விகள் போய்விடும்.

இரண்டாம் படி: குறைவாகப் பதிவு செய்யுங்கள்

படகு கேமுக்கு இவ்வளவு போதும்: பயிற்சி தொடங்கியது, பயிற்சி முடிந்தது, லெவல் தொடங்கியது, லெவல் முடிந்தது, படகு மோதியது, வலை மாற்றும் திரை திறந்தது. ஆறு ஈவென்ட். ஒவ்வொன்றோடும் லெவல் எண், எத்தனையாவது முயற்சி, தொடங்கி எத்தனை விநாடி, பில்டு எண் (கேமின் எந்தப் பதிப்பு என்ற எண்) ஆகியவை போக வேண்டும். லெவல் முடிந்தது என்பதோடு ஜெயித்தாரா, தோற்றாரா, தானே வெளியேறினாரா என்ற முடிவும், படகு மோதியது என்பதோடு மோதிய இடத்தின் ஆயத்தொலைவும் வேண்டும்.

பில்டு எண்ணை யாரும் விட்டுவிடாதீர்கள். நேற்று மணல் திட்டை நகர்த்திவிட்டு, அதற்கு முன்னும் பின்னும் வந்த டேட்டாவை ஒன்றாகக் கலந்தால் எந்த முடிவுக்கும் வர முடியாது.

எந்தக் கருவி என்று கேட்டால், யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்பவர்களுக்கு யூனிட்டியின் சொந்த அனலிட்டிக்ஸ் இருக்கிறது. கூகுளின் ஃபயர்பேஸ் இருக்கிறது. கேம்களுக்காகவே இருக்கும் கேம்அனலிட்டிக்ஸ், கோடாட் என்ற இன்னொரு எஞ்சினிலும் வேலை செய்யும். கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிக்காதீர்கள், ஆறு ஈவென்ட்டுக்கு எது எடுத்தாலும் சரி.

ஃபயர்பேஸ் எடுத்தால் சில வரம்புகள் உண்டு. ஒரு ஆப்புக்கு 500 வகை ஈவென்ட் பெயர், ஒரு ஈவென்ட்டுக்கு 25 பாராமீட்டர் (லெவல் எண் போல ஈவென்ட்டோடு போகும் விவரம்), பெயர் 40 எழுத்துக்குள். 500 என்பது நிறைய மாதிரி தெரியும். ஆனால் புதியவர்கள் ‘லெவல் 1 தொடங்கியது’, ‘லெவல் 2 தொடங்கியது’ என்று லெவலுக்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். 20 லெவலுக்கு மூன்று மூன்றாக 60 பெயர் ஆகிவிடும், அதைவிட மோசம், எல்லா லெவலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. ஈவென்ட் பெயர் ஒன்றே ஒன்று, லெவல் எண் பாராமீட்டரில் என்று வையுங்கள். இன்னொன்று, நீங்களாக வைத்த பாராமீட்டரை அனலிட்டிக்ஸ் பக்கத்தில் கஸ்டம் டைமென்ஷனாகப் பதிவு செய்தால்தான் ரிப்போர்ட்டில் தெரியும். பதிவு செய்வதற்கு முன் வந்தது பின்னோக்கி நிரம்பாது. அதனால் வெளியிடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள்.

எதை எடுக்கக் கூடாது

பெயர், போன் நம்பர், கான்டாக்ட் பட்டியல், இருக்கும் இடம். மணல் திட்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய இவற்றில் ஒன்றும் உதவாது. ஆளை அடையாளம் காட்டாத, தற்செயலாக உருவாக்கிய ஒரு ஐடி போதும்.

சட்டமும் இருக்கிறது. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது ஆகாத எல்லாரையும் குழந்தை என்கிறது. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும். அவர்களைப் பின்தொடர்ந்து நடத்தையைக் கண்காணிக்கவும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. குழந்தைகள் விஷயத்தில் மீறினால் அபராதம் ₹200 கோடி வரை போகலாம். இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். படகு கேமைப் பள்ளிப் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதனால் ஆளை அடையாளம் காட்டாத, லெவலைப் பற்றிய தொகுப்பு எண்களோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம். கேமை விரிவாக்கும்போது தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் பிளேயில் போடும்போது டேட்டா சேஃப்டி படிவத்தில் எதையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று சொல்லியாக வேண்டும். ஆறு ஈவென்ட் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் படிவம் சுலபம்.

மூன்றாம் படி: டேட்டாவை நம்புவதற்கு முன் சோதியுங்கள்

நீங்களே ஒரு போனில் விளையாடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தாளில் குறித்துக்கொள்ளட்டும்: லெவல் 1 தொடங்கியது, மோதியது, மோதியது, ஜெயித்தது. பிறகு வந்து சேர்ந்த ஈவென்ட்களோடு ஒப்பிடுங்கள். ஃபயர்பேஸில் இதற்கு டீபக்வியூ என்ற பக்கம் உண்டு, ஈவென்ட்கள் உடனுக்குடன் தெரியும். சாதாரணமாக அவை கட்டுக்கட்டாகத் தாமதித்துத்தான் வரும். ரிப்போர்ட்டில் இன்னும் வரவில்லையே என்று புரோகிராமை நோண்ட ஆரம்பிக்காதீர்கள்.

நம் ஊர் நிலவரத்தில் டேட்டாவைக் குழப்பும் சில விஷயங்கள் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

பல கருவிகளில் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் பதிவாகும். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். அப்படியென்றால் டேட்டாவின் ‘நாள்’ நமக்குக் காலை 5.30 மணிக்குத்தான் மாறுகிறது. ராத்திரி 11 மணிக்கு இன்ஸ்டால் செய்து, தூக்கம் வராமல் ஒன்றரை மணிக்கு மறுபடி திறந்தவர் நம் காலண்டரில் மறுநாள் வந்தவர், யூடிசியில் அதே நாள். மறுநாள் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போடும்போது இது இடிக்கும். எந்த நேர மண்டலம் என்று செட்டிங்கில் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ஒரு போன், ஒரு ஆள் என்பதும் நிச்சயமில்லை. அம்மா போனில் அண்ணனும் தங்கையும் மாறி மாறி விளையாடுவார்கள். டேட்டாவில் அது ஒரே ஆள். பத்தாவது லெவல் ஜெயித்தவர் திடீரென்று இரண்டாவது லெவலில் ஐந்து முறை தோற்றால் திறமை குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, போன் கை மாறியிருக்கிறது.

புதுச்சேரி–கடலூர் பஸ்ஸில் விளையாடுகிறவர் இறங்குமிடம் வந்ததும் போனைப் பையில் போடுவார். குறைந்த மெமரி உள்ள போன் பின்னணியில் இருக்கும் கேமைத் தானாகவே மூடிவிடும். ‘லெவல் தொடங்கியது’ வந்திருக்கும், ‘முடிந்தது’ வராது. இதையும் வெறுத்துப்போய் வெளியேறியதையும் ஒன்றாக எண்ணக் கூடாது. அவர் மறுநாள் அதே லெவலுக்குத் திரும்பி வந்தாரா என்று பார்த்தால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

அப்புறம், ஸ்ப்ரெட்ஷீட்டில் ‘ஊரில் என்ன நடந்தது’ என்று ஒரு பத்தி வையுங்கள். பொங்கல், செமஸ்டர் தேர்வு, ஐபிஎல் இறுதிப்போட்டி எல்லாம் அதில் வரட்டும். 2024 நவம்பர் 30-ம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறியது, நகரமே வெள்ளத்தில் நின்றது. அந்த மாதிரி வாரத்தில் கரண்டும் இல்லாமல், டவரும் இல்லாமல் இருந்தவர்கள் கேமைத் திறக்கவில்லை என்பது உங்கள் டிசைனைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் காரணம் தேடும்போது இந்தப் பத்தி கைகொடுக்கும்.

நான்காம் படி: முதல் பிளேயர்கள்

கூகுள் பிளேயில் 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தனிநபர் டெவலப்பர் கணக்கு தொடங்கியவர்கள், கேமை எல்லாருக்கும் திறந்துவிடும் முன், குறைந்தது 12 பேரை மூடிய சோதனையில் (நீங்கள் சேர்த்தவர்கள் மட்டும் விளையாடுவது) தொடர்ந்து 14 நாள் வைத்திருக்க வேண்டும். முன்பு 20 பேர் என்று இருந்தது. பலர் இதை வெறும் சடங்காக நினைத்து, யார் யாரையோ சேர்த்துக் கணக்கை முடிக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் முதல் டேட்டா இது, வீணாக்காதீர்கள்.

கேம் செய்கிற நண்பர்களை மட்டும் வைத்து 12-ஐ நிரப்ப வேண்டாம். அவர்களுக்கு எங்கே தட்ட வேண்டும் என்பது பழக்கத்தில் தெரியும், உங்கள் மனம் நோகக் கூடாது என்று கடைசி வரை விளையாடவும் செய்வார்கள். நேரு வீதியில் துணிக்கடையில் வேலை செய்யும் அக்கா, மஞ்சக்குப்பத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பையன், ஆட்டோ ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் அண்ணன் என்று கலந்து எடுங்கள். போனும் கலவையாக இருக்கும், அது ரொம்ப முக்கியம்.

ஏனென்றால் டிசைனைப் பற்றிப் பேசும் முன் கிராஷை, அதாவது கேம் திடீரென்று தானாக மூடிக்கொள்வதை, பார்க்க வேண்டும். பிளே கன்சோலில் ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் என்ற பகுதியில் எந்த மாடல் போனில் கேம் விழுகிறது என்று தெரியும். தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கண்ணெதிரே கிராஷ் ஆனாலோ, 0.47 சதவீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உறைந்து நின்றாலோ, ஸ்டோரில் கேம் கண்ணில் படுவதே குறையலாம். பயிற்சிப் பகுதியில் பாதிப் பேர் போய்விடுகிறார்கள் என்று வசனத்தை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருப்பீர்கள், உண்மையில் 3 ஜிபி போனில் அந்தத் திரை திறக்கவே இல்லை என்று இருக்கும்.

ஐந்தாம் படி: ஃபனல்

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி, கொஞ்சம் மெதுவாகப் போவோம். எண்கள் எல்லாம் கணக்குக்காகச் சொல்வது.

படகு கேமை 200 பேர் திறந்தார்கள். பயிற்சியை முடித்தவர்கள் 160. முதல் லெவலை முடித்தவர்கள் 152, இரண்டாவது 141, மூன்றாவது 133, நான்காவது 74, ஐந்தாவது 68.

ஒவ்வொரு எண்ணையும் அதற்கு முந்தைய எண்ணால் வகுங்கள். பயிற்சியில் 80 சதவீதம் தேறுகிறார்கள். முதல் மூன்று லெவலில் 93 முதல் 95 சதவீதம் வரை. நான்காவதில் 56 சதவீதம். ஐந்தாவதில் மறுபடி 92. ஆக நான்காவது லெவலில் 59 பேர் போயிருக்கிறார்கள், அதைத் தாண்டியவர்களுக்குப் பெரிய பிரச்சினை இல்லை.

இதைப் பார்த்ததும் ‘நான்காவது லெவல் கஷ்டம், சுலபமாக்கு’ என்று கிளம்புவார்கள். அவசரப்படாதீர்கள். அந்த 59 பேரை இன்னும் பிரியுங்கள்.

அதில் 12 பேர் நான்காவது லெவலைத் தொடங்கவே இல்லை. அவர்கள் மணல் திட்டைப் பார்த்ததே கிடையாது. மூன்றாவது முடிந்ததும் வந்த விளம்பரத்தில் போயிருக்கலாம், அலுத்துப் போயிருக்கலாம். அது தனிக் கணக்கு. மீதி 47 பேர் தொடங்கி முடிக்காதவர்கள். அவர்கள் எத்தனை முயற்சிக்குப் பிறகு விட்டார்கள்? 31 பேர் ஒன்று அல்லது இரண்டு முயற்சியிலேயே போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 31 தான் பேசுகிற எண். ஒரு விஷயம் கஷ்டமாக இருந்து, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று புரிந்திருந்தால், ஆட்கள் பிடிவாதமாக ஆறு ஏழு முறை முட்டிப் பார்ப்பார்கள். ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்ற ஆசை இருக்கும். இரண்டாவது முறையே போனை வைத்துவிடுகிறார்கள் என்றால், ஏன் தோற்றோம் என்றே அவர்களுக்குப் புரியவில்லை என்று சந்தேகப்படலாம். கஷ்டத்துக்கும் குழப்பத்துக்கும் மருந்து வேறு வேறு. குழப்பத்தை வைத்துக்கொண்டு மணல் திட்டைச் சின்னதாக்கினால் தெரியாத்தனமாகத் தப்பிப்பவர்கள் கூடுவார்கள், பதினோராவது லெவலில் பெரிய திட்டு வரும்போது மறுபடி மாட்டிக்கொள்வார்கள்.

இங்கே ஒரு வழக்கமான பொறியும் இருக்கிறது. ‘நான்காவது லெவலை ஜெயிக்கச் சராசரியாக 3 முயற்சி ஆகிறது, பரவாயில்லையே’ என்று டேஷ்போர்டு சொல்லும். அந்தச் சராசரியில் ஜெயித்த 74 பேர் மட்டுமே இருக்கிறார்கள். விட்டுவிட்டுப் போன 47 பேர் அதில் இல்லை.

சராசரி என்றாலே சந்தேகப்படுங்கள். ஐந்து பேர் 2, 3, 3, 4, 88 நிமிடம் விளையாடினார்கள். சராசரி 20 நிமிடம். அந்த 88 யார் என்றால் கேமைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனவர். வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுத்தால் 3 நிமிடம், அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது சதவீதத்தை ரொம்ப நம்பவும் கூடாது. 100 பேரிடம் 50 சதவீதம் என்று வந்தால் உண்மை நிலவரம் சுமார் 40-க்கும் 60-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். 30 பேர்தான் என்றால் இரண்டு பக்கமும் 18 வரை ஆடும். 400 பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் 5-க்கு வரும். அதனால் 93 சதவீதம் 91 ஆகிவிட்டதே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 94-லிருந்து 56-க்கு விழுவது 133 பேரிலும் உறுதியாகத் தெரியும் வீழ்ச்சி. சின்னக் குழு இந்த மாதிரிப் பெரிய பள்ளங்களை மட்டும் தேடினால் போதும்.

ஆறாம் படி: மோதிய இடங்களை வரைபடத்தில் போடுங்கள்

படகு மோதிய ஆயத்தொலைவுகளை எடுத்து, லெவலின் படத்தின் மேல் புள்ளியாக வையுங்கள். புள்ளியைக் கொஞ்சம் ஒளி ஊடுருவும்படி வைத்தால், கூட்டமான இடம் தானாக அடர்ந்து தெரியும். இதுதான் ஹீட்மேப். வால்வ் நிறுவனம் 2007-ல் வந்த ஹாஃப் லைஃப் 2 எபிசோட் டூ கேமில் ஆட்கள் எங்கெங்கே இறந்தார்கள் என்ற வரைபடங்களை எல்லாரும் பார்க்கும்படியே வெளியிட்டது. அதே 2007-ல் வந்த ஹேலோ 3-க்காக மைக்ரோசாஃப்ட் சுமார் 600 பேரை 3,000 மணி நேரத்துக்கு மேல் விளையாடவிட்டுப் பார்த்தது. ஆட்கள் நின்ற இடங்களை நேரத்துக்கு ஒரு நிறமாகப் புள்ளி வைத்தார்கள். ஒரே நிறம் ஒரே இடத்தில் கூடியிருந்தால் எல்லாரும் சேர்ந்து முன்னேறுகிறார்கள். நிறங்கள் கலந்து கிடந்தால் வழி தெரியாமல் சுற்றுகிறார்கள். பணம் இல்லாத குழுவும் இந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டின் புள்ளி வரைபடமே போதும்.

நம் படகு கேமில் புள்ளிகள் மணல் திட்டின் தெற்கு ஓரத்தில் மட்டும் கூடியிருக்கின்றன என்று வைப்போம். வடக்கு ஓரத்தில் அநேகமாக இல்லை. இவ்வளவுதான் டேட்டா சொல்லும். ஏன் தெற்கு என்று அதனிடம் எத்தனை முறை கேட்டாலும் பதில் வராது.

ஏழாம் படி: எழுந்து போய்ப் பாருங்கள்

சாயங்காலம் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள், ஆட்கள் நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள். கடலூர் என்றால் சில்வர் பீச். போனை எடுத்துக்கொண்டு போங்கள். கல்லூரிப் பிள்ளைகளாகப் பார்த்து, ஐந்து நிமிடம் விளையாடித் தர முடியுமா என்று கேளுங்கள். சிறுவர்கள் என்றால் கூட வந்திருக்கும் பெற்றோரிடம் கேட்டுவிட்டு மட்டும். ‘இது நான் செய்த கேம்’ என்று சொல்லாதீர்கள், சொன்னால் பாராட்ட ஆரம்பித்துவிடுவார்கள். ‘நான் குறுக்கே பேசமாட்டேன், மனதில் தோன்றுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே விளையாடுங்கள்’ என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவர் தப்பான இடத்தைத் தட்டும்போது நாக்கு நுனி வரை வரும், அடக்குங்கள். முகத்தைவிட விரலைப் பாருங்கள்: எங்கே தயங்குகிறது, எதை இரண்டு முறை தட்டுகிறது.

நான்காவது லெவலில் ஒருத்தர் படகைத் தெற்குப் பக்கம் திருப்புகிறார். மோதுகிறது. போனைக் கண்ணருகே கொண்டுவந்து, வெயில் படாமல் கையால் மறைத்துப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “அண்ணா, இது இன்னா, தண்ணியா மணலா?”

ஃபனலில் தெரிந்த பள்ளத்துக்குக் காரணம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மழைக்காலத்து முகத்துவாரத் தண்ணீர் நிஜத்தில் செம்மண் கலங்கித்தான் இருக்கும். வரைந்தவர் அதைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார். தெற்கு ஓரத்தில் மணலும் தண்ணீரும் கிட்டத்தட்ட ஒரே நிறம், வீட்டில் மானிட்டரில் தெரிகிற வித்தியாசம் வெளிச்சத்தில் போனில் தெரியவில்லை. திட்டைச் சின்னதாக்கத் தேவையே இல்லை. ஓரத்தில் வெள்ளை நுரைக் கோடு ஒன்று, மேலே நாலு கொக்கு நிற்கவைத்தால் ஆழம் இல்லை என்று கடலோரத்துக்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். வெளியூர்க்காரர்களுக்கு நுரைக்கோடு போதும்.

இப்படிப் பார்க்க எத்தனை பேர் வேண்டும்? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2002-ல் எழுதிய ஒரு முறை இருக்கிறது, ரைட் என்பார்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் பயிற்சிப் பகுதியை அப்படித்தான் சீர்செய்தார்கள். ஒருவரைப் பார்ப்பது, காரணம் வெளிப்படையாகத் தெரிந்தால் உடனே மாற்றுவது, மாற்றியதை அடுத்தவரிடம் கொடுப்பது. நாற்பது பேர் வந்து முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். லேப்டாப்பும் கையில் இருந்தால் கடற்கரையிலேயே நுரைக்கோட்டைப் போட்டு அடுத்த ஆளிடம் கொடுத்துவிடலாம். சின்னக் குழுவுக்கு ஏ/பி டெஸ்ட்டைவிட இது ஆயிரம் மடங்கு பொருத்தம் என்பது என் கருத்து. ஏ/பி டெஸ்ட் என்றால் பிளேயர்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு வடிவம் கொடுத்து ஒப்பிடுவது. 200 பேரை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் 100, மேலே சொன்ன ஆட்டக் கணக்கைப் பாருங்கள், சின்ன வித்தியாசம் எதுவும் தெரியாது.

எட்டாம் படி: ஒன்றை மாற்றி, அதே எண்ணைப் பாருங்கள்

புதிய பில்டில் நான்காவது லெவலில் நுரைக்கோடும் கொக்கும் மட்டும் மாறட்டும். அதோடு சேர்த்து படகின் வேகத்தையும் கூட்டி, பரிசையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பில்டு எண்ணால் பிரித்து, புதியதில் கேமை முதல்முறையாகத் திறந்தவர்களை மட்டும் எடுங்கள். பழைய பில்டில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவருக்கு மணல் எங்கே என்று தெரியும், அவரைச் சேர்த்தால் எண் பொய் சொல்லும். வார நாளை வார நாளோடும், ஞாயிறை ஞாயிறோடும் ஒப்பிடுங்கள்.

எல்லாப் பள்ளத்தையும் மூடிவிடவும் வேண்டாம். பன்னிரண்டாவது லெவல் ராத்திரியில், விளக்கு இல்லாமல் கரை சேர வேண்டும், அது கஷ்டமாக இருக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்திருந்தால், அங்கே ஆட்கள் எட்டு முறை தோற்று ஒன்பதாவது முறை ஜெயிப்பது உங்கள் டிசைன் வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஃபனலைத் தட்டையாக்குவதையே குறியாக வைத்தால் யாரும் தோற்காத, யாருக்கும் நினைவில் நிற்காத கேம் ஒன்று கிடைக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. தோற்றவுடனே ‘₹29-க்கு உயிர் வாங்கு’ என்ற பெட்டியைக் காட்டினால் அன்றைய வருமானம் கூடுவது டேட்டாவில் பளிச்சென்று தெரியும். அதனால் அடுத்த வாரம் வராமல் போனவர்கள் அதே வரைபடத்தில் தெரியமாட்டார்கள். காசு சம்பந்தமான எந்த மாற்றத்துக்கும் ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் திரும்பி வருபவர்களின் எண்ணைச் சேர்த்துப் பார்த்த பிறகே நல்லது என்று சொல்லுங்கள்.

நுரைக்கோடு வேலை செய்தால் நான்காவது லெவலில் இத்தனை நாள் போய்க்கொண்டிருந்தவர்கள் ஐந்தாவதுக்கு வருவார்கள். அவர்களில் பலர் புதியவர்கள், கை பழகாதவர்கள். ஆகவே ஐந்தாவது லெவலின் 92 சதவீதம் 85-க்கு இறங்கக்கூடும். ஐந்தாவதில் நீங்கள் எதையும் கெடுக்கவில்லை, வருகிற கூட்டம் மாறியிருக்கிறது. ஒரு வாரம் விட்டுப் பார்த்து, அப்போதும் இறக்கமாகவே இருந்தால் அடுத்த கேள்வியாக அதைத் தாளில் எழுதுங்கள். மணல் திட்டுக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றால் மோதிய இடத்தைப் பதிவு செய்யும் ஈவென்ட்டை அடுத்த பில்டில் எடுத்துவிடலாம்.